கதவைத் திறந்து பார்க்காத மூன்று பேர்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருப்பவனுக்கு முழங்காலைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்கலாம். முழங்கால் என்னுடையது. அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

போன ஐப்பசியில் கானாடுகாத்தானில் ஒரு பெட்டகம் வாங்கப் போயிருந்தேன். பங்காளிகள் நாலு பேரும் பாகம் பிரித்து முடித்திருந்தார்கள். தன் பங்குக்கு வந்ததை ஆச்சி கொடுத்துவிடுவதாகச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். பர்மாத் தேக்கு, பித்தளைக் குமிழ், உள்ளே ஒரு கள்ள அறை. விலை பேசி முடிக்கவே ஒரு முற்பகல் போயிற்று. எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தெருவிலிருந்து முகப்புக்கு ஏற ஐந்தாறு படியாவது இருக்கும். பெட்டகத்தைக் கயிறு கட்டி, கடைப்பையன்கள் இருவரும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் இறக்கி வண்டியில் ஏற்றினோம். அதற்கு ஒரு கீறல் விழவில்லை. அப்புறம் மேலே போய் ஆச்சியிடம் சாவியை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு இறங்கி வந்தவன்தான் விழுந்தேன்.

மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு கால் வழுக்கி முன்னால் போய்விட்டது. வலது கால் மேல்படியிலேயே ஊன்றியபடி இருந்தது. விழாமல் நிற்க உடம்பு மொத்தமும் அந்தக் காலை நம்பியது. முட்டி மடங்கிக்கொண்டே போக, தொடை அதைப் பிடித்து இழுக்க, ‘பட்’டென்று ஒரு சத்தம். பெட்டகத்தைக் கட்டிய கயிறு அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். “டேய், கயிறு அறுந்துடுச்சாடா?” என்று உட்கார்ந்த வாக்கிலேயே கத்தினேன். கயிறு நன்றாகத்தான் இருந்தது.

“என்ன தம்பி, படி தெரியலையா?” என்று ஆச்சி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கோயில் படிகளில் ஏறி இறங்கிப் பழகிய ஆளுக்கு இந்தக் கேள்வி வலியை விடக் கூடுதலாக வலித்தது.

உண்மையில் வலி எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. முதல் கால் மணி நேரம் உயிர் போயிற்று, அப்புறம் குறைந்துவிட்டது. முட்டிக்கு மேலே வெள்ளைப் பணியாரம் போல உப்பிக்கொண்டது. பையன்கள் தோள் கொடுத்தார்கள். காலைக் கம்பு மாதிரி நீட்டியபடி இடுப்பிலிருந்து வீசிப் போட்டு வண்டி வரை நடந்தேன். இந்த நடைதான் அடுத்த பதினோரு நாள் எல்லோரையும் ஏமாற்றியது, என்னையும் சேர்த்து.

அன்று சாயங்காலமே ஒரு மருத்துவமனைக்குப் போனேன். எது என்று எழுதப் போவதில்லை. கூட்டம் அதிகம். டாக்டர் முட்டியை இரண்டு பக்கமும் அமுக்கினார், மடக்கிப் பார்த்தார், நான் கத்தியதும் விட்டுவிட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, “எலும்புக்கு ஒண்ணுமில்ல. ஜவ்வு லேசா கிழிஞ்சிருக்கலாம். நடந்துதானே வந்தீங்க? மூணு வாரத்துல சரியாகிடும்” என்றார். கிரேப் பேண்டேஜ், வலி மாத்திரை, ஐஸ் ஒத்தடம். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதி!

இந்த ‘ஜவ்வு’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் முட்டிக்குள் எலும்பைத் தவிர மற்றதெல்லாம் ஜவ்வுதான். எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருப்பது ஒன்று, அது தசைநார். எலும்புக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு இன்னொன்று. தசையின் நுனி தடித்துக் கயிறாகி எலும்பில் போய்ப் பிடித்துக்கொள்வது மூன்றாவது, தசைநாண். முதல் இரண்டும் கிழிந்தால் பல நேரம் பொறுத்திருந்து பார்க்கலாம், உடற்பயிற்சியிலேயே சரியாகிவிடுபவர்களும் உண்டு. மூன்றாவது முழுசாக அறுந்தால் பொறுத்திருக்கக் கூடாது. ஏனென்றால் தசை ரப்பர் மாதிரி மேலே சுருங்கிக்கொண்டே போகும். இரண்டு மூன்று வாரம் தாண்டினால் அறுந்த முனையைக் கீழே இழுத்துக் கொண்டுவருவதே பெரும்பாடு. மூன்றையும் ஒரே பெயரால் கூப்பிட்டால், ‘ஜவ்வுதானே, இரு’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும்.

ஐந்தாம் நாள் வீக்கம் பாதிதான் வற்றியிருந்தது. மைத்துனர் ஒரு நாட்டு வைத்தியரிடம் கூட்டிப் போனார். தைலம், முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் தப்பை. எங்கள் ஊர்ச் சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியிருப்பதை வாங்க வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் சொல்லி வியாபாரம் செய்தவன் நான். கடைசியில் என் முட்டிக்கும் அதே பூச்சு. ஒன்று சொல்ல வேண்டும், அந்தத் தப்பை கட்டிய ஐந்து நாளும் நான் சௌகரியமாகத்தான் நடந்தேன். கால் மடங்காமல் இருக்கும் வரை நடக்கலாம். நேராக நிற்கும் முட்டி தானாகவே பூட்டிக்கொள்ளும். இது அப்போது தெரியாததால், வைத்தியம் கேட்கிறது என்று நினைத்தோம்.

பத்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். அன்று ராத்திரி வீட்டு நிலையைத் தாண்டும்போது முட்டி லேசாக மடங்கியது, அவ்வளவுதான், கீழே ஆள் இல்லாத ஏணி மாதிரி சரிந்தேன். “எத்தனை வீட்டு நிலையைப் பேர்த்து வித்தீங்க, அதுல ஏதோ ஒண்ணு சாபம் விட்டிருக்கு” என்றாள் என் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் மறுநாள் குன்றக்குடிக்கு வேண்டிக்கொண்டாள்.

தீபாவளிக்கு என் அக்கா மகள் வந்தாள். மதுரையில் மருத்துவம் படித்து முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். பலகாரத் தட்டை வைத்துவிட்டு, “என்ன மாமா, கால் எப்படி இருக்கு?” என்றாள்.

“ஜவ்வுதான் ஆத்தா. மூணு வாரம் ஆகும்னாக.”

“எங்கே, மல்லாக்கப் படுங்க. அந்த நல்ல காலை நீட்டினபடியே ஒரு அடி தூக்குங்க.”

தூக்கினேன்.

“இப்ப இந்தக் காலை. மடக்காம, குதிங்கால் கட்டிலை விட்டு எழும்பணும்.”

தூக்கினேன். அதாவது தூக்குகிறேன் என்றுதான் நினைத்தேன். தொடை இறுகியது எனக்கே தெரிந்தது. குதிங்கால் மெத்தையிலேயே கிடந்தது. பெருவிரலைப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய கால் மாதிரி அது சும்மா இருந்தது. வலிக்குப் பயந்து தூக்காமல் இருப்பது வேறு. எனக்கு வலிக்கவே இல்லை, ஆனாலும் கால் எழும்பவில்லை. ஐம்பத்து நாலு வயதில் அவ்வளவு பயந்தது அந்த ஒரு முறைதான்.

கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்லி, முன்னால் நீட்டச் சொன்னாள். நீளவில்லை. பிறகு என் ஆட்காட்டி விரலைப் பிடித்து முழங்கால் சில்லுக்கு மேலே வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போனது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். இடது காலில் அதே இடத்தில் கெட்டியான பட்டை.

“மாமா, இதை யாருமே பார்க்கலையா?”

முதல் நாள் பார்த்திருந்தால் பள்ளம் தெரிந்திருக்காது என்றும் அவளே சொன்னாள். அறுந்த இடத்தில் ரத்தம் கட்டி மேடாக்கிவிடும். வீக்கம் வற்றிய பிறகுதான் குழி தட்டுப்படும். ஆனால் காலைத் தூக்கச் சொல்லியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வலிக்குப் பயந்து தூக்கவில்லையா, முடியாமல்தான் தூக்கவில்லையா என்று சந்தேகம் வந்தால், கட்டியிருக்கும் ரத்தத்தை ஊசியால் எடுத்துவிட்டு மரத்துப்போகும் மருந்தைப் போட்டு மறுபடி தூக்கச் சொல்லிப் பார்க்கும் வழிகூட இருக்கிறதாம்.

இங்கேதான் எனக்கு உறைத்தது. என் தொழிலே பழைய கதவு வாங்குவது. வேலைப்பாட்டைப் பார்ப்போம், கரையான் அரித்திருக்கிறதா என்று விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம், எல்லாம் சரி. ஆனால் திறந்து மூடிப் பார்க்காமல் எவனாவது காசு கொடுப்பானா? கதவு சுழலும் குடுமி தேய்ந்திருந்தால் திறக்கும்போதுதான் தெரியும். என் முட்டியை டாக்டர் தட்டிப் பார்த்தார், படம் பிடித்தார். வைத்தியர் தடவிப் பார்த்தார், பூசினார். கதவைத் திற என்று இருவருமே சொல்லவில்லை. மூன்றாவது ஆள் நான். பதினோரு நாள் அந்தக் காலோடு படுத்து எழுந்தும், தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. குளிக்கும்போது, உடுத்தும்போது, கட்டிலில் ஏறும்போது, ஒவ்வொரு முறையும் இரண்டு கையாலும் அந்தக் காலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அதை நானே கவனிக்கவில்லை.

தீபாவளி முடிந்த மறுநாள் மதுரை. அங்கே எலும்பு டாக்டர் வளவளவென்று பேசாதவர். ஆனால் நான் பழைய சாமான் வியாபாரி என்று தெரிந்ததும் கிணற்றுக் கப்பியை வைத்து விளக்கினார். முழங்கால் சில்லு ஒரு கப்பி. தொடையின் முன்பக்கத்தில் நாலு தசைகள் சேர்ந்து ஒரு கயிறாகி மேலிருந்து சில்லைப் பிடிக்கின்றன. சில்லுக்குக் கீழே இன்னொரு கயிறு கெண்டைக்கால் எலும்பின் முன்மேட்டில் போய் முடிகிறது. தொடை இழுத்தால் கீழ்க்கால் நீள வேண்டும். மேல்கயிறு அறுந்தால் கப்பி கீழே இறங்கிவிடும். கீழ்க்கயிறு அறுந்தால் தொடைத் தசை கப்பியை மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். சில்லே இரண்டாக உடைந்தாலும் காலைத் தூக்க முடியாது, ஆனால் அது எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். தொடை நரம்பு செத்திருந்தாலும் தூக்க முடியாது. அதற்குத்தான் தொடையில் பஞ்சு வைத்துத் தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார், தசையை இறுக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தார். என் தசை இறுகியது. இழுக்க ஆள் இருந்தது, கயிறுதான் இல்லை.

“பழைய எக்ஸ்ரே இருக்கா?” என்றார். எதையும் தூக்கிப் போடாத குணத்துக்கு அன்று மரியாதை கிடைத்தது. பக்கவாட்டில் எடுத்த படத்தைப் பெட்டி விளக்கில் மாட்டினார். சில்லின் நீளத்தை ஸ்கேலால் அளந்தார். சில்லின் கீழ்முனையிலிருந்து கெண்டைக்கால் மேடு வரை கீழ்க்கயிற்றின் நீளத்தை அளந்தார். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டுமாம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.8-க்கும் 1.2-க்கும் நடுவில் வர வேண்டும். 1971-ல் இன்சால், சால்வாட்டி என்ற இரண்டு மருத்துவர்கள் சொன்ன கணக்கு. எனக்கு 0.7. சில்லு கீழே இறங்கியிருக்கிறது. விழுந்த அன்று எடுத்த படத்திலேயே இது இருந்தது. எலும்பில் விரிசல் தேடிய கண்ணுக்கு எலும்பு உட்கார்ந்திருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

அந்த வார்டில் அடுத்த கட்டிலில் தேவகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், வாலிபால் ஆடுபவன், இருபத்து நாலு வயது. குதித்து இறங்கும்போது அவனுக்குக் கீழ்க்கயிறு அறுந்திருந்தது. அவனுடைய சில்லு தொடைப் பக்கம் ஏறி, முட்டியே இடம் மாறின மாதிரி இருந்தது. அவனை விழுந்த அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள், பார்த்தாலே தெரிகிறதே. பொதுவாக நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கீழ்க்கயிறும், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மேல்கயிறும் அறுவது வழக்கம் என்றார் டாக்டர். எங்கள் இருவரையும் பயிற்சி மாணவர்களுக்கு அடுத்தடுத்துக் காட்டினார்கள். கடையில் ஜோடியாக வைத்திருக்கும் யாளி மாதிரி.

ஸ்கேனும் எடுத்தார்கள். அல்ட்ராசவுண்டில் கயிறு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ரத்தம். எம்.ஆர்.ஐ. படத்தில் முழுசாக அறுந்தது உறுதியாயிற்று. கீழ்க்கயிறு இழுவிசை இல்லாமல் கொடியில் தளர்ந்த வேட்டி மாதிரி அலை அலையாகக் கிடந்தது. பாதி அறுந்தவர்களுக்கும், சில்லின் இரண்டு பக்கமும் உள்ள பட்டைகள் தப்பித்தவர்களுக்கும் காலைக் கொஞ்சம் நீட்ட முடியுமாம். ஆனால் கடைசிச் சில பாகை எட்டாது, முட்டி மடங்கியபடியேதான் எழும்பும். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பது என்னைக் கண்டுபிடிப்பதை விடக் கஷ்டம், அங்கேதான் ஸ்கேன் பெரிதும் உதவும் என்றார்.

பிறகு விசாரணை. சர்க்கரை உண்டா? பதினாலு வருஷம். சிறுநீரகம்? பரவாயில்லை. யூரிக் அமிலம்? கொஞ்சம் கூட. ஸ்டீராய்டு ஊசி போட்டதுண்டா? இல்லை. சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா? இரண்டு மாதம் முன்பு நெஞ்சுச் சளிக்கு லிவோஃப்ளாக்சசின் சாப்பிட்டிருந்தேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அந்தக் குடும்பத்து மாத்திரைகள் தசைநாணை அறுக்கக்கூடும் என்று 2008-ல் அமெரிக்க மருந்துத் துறை மருந்தோடு வரும் குறிப்புத்தாளிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்ததாம். “அதுனாலதான் அறுந்துச்சுன்னு சொல்ல முடியாது. சர்க்கரையும் சேர்ந்து கயிறை ஏற்கெனவே நைஞ்சு போக வச்சிருக்கும்” என்றார். நல்ல கயிறு இப்படி அறுவது அபூர்வம், முதலில் எலும்போ தசையோதான் போகும் என்றும் சொன்னார். இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் அறுந்தால் உடம்புக்குள் வேறு நோய் இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டுமாம்.

என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து ஒரு கதை சொன்னார். 1997 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன், ஃபுளோரிடாவில் கோல்ஃப் வீரர் கிரெக் நார்மன் வீட்டுப் படியில் கால் தவறினார். அவருக்கும் இதே மேல்கயிறு, இதே அறுவை சிகிச்சை. அடுத்த வாரமே சக்கர நாற்காலியில் ஹெல்சிங்கி போய் ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சினைப் பார்த்தார். “அவருக்கு அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டாக டாக்டர், எனக்குப் பதிமூணு நாள்” என்றேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

சர்க்கரை இறங்கக் காத்திருந்து பதினெட்டாம் நாள் ஆபரேஷன். சில்லில் நெடுக்காகத் துளைகள் போட்டு, அறுந்த முனையில் தடித்த நூலைக் கோத்து, துளை வழியாக இழுத்துக் கீழே முடிச்சுப் போட்டார்கள். என் அப்பா ஆசாரி. ஆணி இல்லாமல் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இது எனக்குப் பிடித்திருந்தது. தசை மேலே ஏறிவிட்டிருந்ததால் இழுத்துக் கொண்டுவரச் சிரமப்பட்டார்களாம், கூடுதல் நேரம் ஆயிற்று. ஆறு வாரம் காலை நேராகப் பூட்டிய பிரேஸ். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கப் பழக்கினார்கள். அந்த மாதங்களைப் பற்றி விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. பிசியோதெரபிப் பெண் நல்லவள், ஈவிரக்கம் இல்லாதவள்.

இப்போது எட்டு மாதம். ஏறுவது சரியாகிவிட்டது. இறங்கும்போது கைப்பிடி வேண்டும். வலது தொடை இன்னும் இடது தொடையை விட ஒரு சுற்று மெலிவு.

கடையில் யாராவது முட்டி வலி என்று உட்கார்ந்தால் காலைத் தூக்கச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. அக்கா மகள் திட்டுகிறாள். “தூக்க முடியலைன்னா உடனே அனுப்புங்க. தூக்கிட்டா ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க மாமா, வேற எத்தனையோ இருக்கு.” சரி என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் முதலில் பார்த்த டாக்டரிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் நாற்பத்தொன்று. முக்கால் மணி நேரம் உட்கார்ந்ததில் கோபம் பாதி ஆறிவிட்டது. நாற்பது பேரை அவர் எவ்வளவு வேகமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதும் தெரிந்தது. உள்ளே போய் ஒன்றும் பேசாமல் அவர் எடுக்கச் சொன்ன அதே பழைய எக்ஸ்ரேயை மேசையில் வைத்தேன். கூடவே ஆபரேஷன் சீட்டு.

சீட்டைப் படித்தார். படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு ஸ்கேலை எடுத்து, சில்லை அளந்தார், அதற்குக் கீழே அளந்தார்.

“படுக்க வச்சுக் காலைத் தூக்கச் சொல்லலையா நான்?” என்றார்.

“இல்லீங்க.”

மணியை அடித்தார். நாற்பத்திரண்டாம் டோக்கன்காரர் உள்ளே வந்தார், நடுவயது, முட்டியில் துண்டைச் சுற்றியிருந்தார். டாக்டர் அவரிடம் நாற்காலியைக் காட்டவில்லை. மூலையில் பழைய துணிமணிகள் குவிந்து கிடந்த பரிசோதனைக் கட்டிலைக் காட்டி, அதைக் காலி பண்ணச் சொன்னார்.